அவருக்கு விட்ட இடம்

அன்று அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் பல் டாக்டர் பதில் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மன்றக் கூடத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, மேடைக்கு மட்டும் விளக்குப் போட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, யாராவது வசனம் மறந்து விழித்தால் மெல்ல எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அன்று பக்கம் புரட்டும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. எச்சில் தொட்டுப் பிரித்து, வரியைத் தேடிப் பிடித்து நிமிர்வதற்குள், ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியோடு நின்ற பல் டாக்டர், "அதெல்லாம் என் கையில இல்லீங்க, வண்டி கையில இருக்கு" என்று வழக்கம்போல இழுத்துச் சொன்னார். அது பதில். "வண்டி எப்ப சார் வரும்?" என்ற கேள்வியை அவள் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவளும் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

நாடகத்தில் அந்தக் கேள்வி அவள் கணவனுடையது. ஊருக்கு அவன் லைன்மேன். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மின்கம்பத்தில் ஏறினான். தானாக இறங்கவில்லை, இறக்கினார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் வலிக்கவில்லை. பல் பிடுங்கும்முன் ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, தொட்டால் தெரியும், ஆனால் நம்முடையது என்று தோன்றாது, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. "வாய்விட்டு அழுதுடும்மா, மனசு லேசாகும்" என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். அவளும் தலையை ஆட்டி வைத்தாள். அழுகை வரவில்லை. மருந்துக்கடைக்குப் போனாள், சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், எட்டு வயது மகளுக்குத் தலை வாரினாள், ஞாயிறானால் ஒத்திகைக்கு வந்தாள்.

வேறு எங்கே போவது? அந்தச் சின்ன ஊரில் பொழுதுபோக்கு என்று இருப்பது அந்த மன்றம் ஒன்றுதான். வார நாளில் டேபிள் டென்னிஸ், சனிக்கிழமை பாட்டு வகுப்பு, மாதம் ஒரு தடவை கண் பரிசோதனை முகாம், வருஷத்துக்கு ஒரு நாடகம். நாடகத்தை எழுதி நடத்துபவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நடிப்பு வருகிறதோ இல்லையோ, அவருக்குக் கணக்குத் தப்பக்கூடாது. இந்த வசனத்துக்கு இத்தனை எண்ணிக்கை, இந்த மௌனத்துக்கு இத்தனை எண்ணிக்கை என்று காலால் தரையில் தட்டித் தட்டி எல்லாரையும் பழக்கி வைத்திருந்தார். யாராவது ஒத்திகைக்கு வரவில்லையென்றால் இன்னொருவரை அந்த இடத்தில் நிறுத்தமாட்டார். "இடத்தை விடுங்க" என்பார். வராதவர் மேடையில் எங்கே நிற்பாரோ அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு மற்றவர்கள் நடக்க வேண்டும். அவருடைய வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் படிப்பாள். அதுவரை அந்த வெற்றிடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். மறுவாரம் திரும்பி வருகிறவர், கொடியில் கிடக்கும் தன் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வது போல அந்த இடத்துக்குள் வந்து நின்றுகொள்வார்.

லைன்மேன் செத்த வாரம் வாத்தியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறிவித்தார். "அவர் வேஷத்துல வேற ஆளைப் போட எனக்கு மனசு வரல. நாடகத்தன்னிக்கும் இடத்தை விட்டே நடத்துவோம். நாம அவருக்குச் செய்யற மரியாதை."

எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

நாடகம் ஒன்றும் பெரிய காவியமில்லை. வண்டி தாமதமாகிப்போன ஒரு ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை, அதற்குள் அடித்துக்கொள்ளும் பயணிகள். தபால்காரம்மாவுக்குப் பெட்டியைத் தொலைத்த பெண்மணி வேஷம், சலூன்காரருக்குத் தூங்கி வழிகிற ஆள் வேஷம். லைன்மேனுக்கு, அத்தை வீட்டிலிருந்து மகளைக் கூட்டிப்போக வந்த அப்பா வேஷம். மகளாக நடித்தவள் அவர்களுடைய மகளேதான். கடைசியில் வண்டி வந்துவிடும், எல்லாரும் ஏறிவிடுவார்கள், அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போவார். அவ்வளவுதான் கதை.

மறு ஞாயிறு அவள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பழைய திரைச்சீலையின் தூசி வாசனையும், மூலையில் சுருட்டி வைத்திருந்த ரப்பர் விரிப்பின் வாசனையும், நாள்பட்ட மர மேடையின் எண்ணெய்ப் பிசுக்கு வாசனையும் கலந்து அவள் முகத்துக்கு நேரே நின்றன. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை முனகியது. மேடையின் நடுவில், மர பெஞ்சின் இடது ஓரத்தில், விளக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில், ஒருவரும் இல்லை. மேடையிலிருந்த பெரியவர்கள் மூன்று பேரும் அங்கே முகத்தைத் திருப்பினார்கள். காத்திருந்தார்கள். வாத்தியாரின் கால் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த வசனத்துக்கு நான்குதான். ஐந்து. ஆறு. கால் நிற்கவில்லை, யாரும் நெளியவும் இல்லை. ஒன்பதில் தபால்காரம்மா பொங்கிச் சிரித்தாள். அதற்குப் பிறகு பல் டாக்டர் தன் வசனத்தை எடுத்தார்.

எழுதினதை எழுதினபடி சொல்கிற பழக்கம் லைன்மேனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. நான்கு எண்ணிக்கை வசனத்தில் சொந்தச் சரக்கைச் சேர்த்து ஒன்பதாக்குவான். வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இடைவேளையில் குடிதண்ணீர்க் குழாயடியில் அவள் தபால்காரம்மாவைப் பிடித்தாள்.

"அக்கா, இப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"

"எப்ப?"

"பெஞ்சைப் பார்த்து."

தபால்காரம்மா டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தாள். "அந்த மனுஷன் அப்படிச் சொன்னா சிரிக்காம என்ன பண்றது?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோம்மா. பழக்க தோஷம். வாய் தவறி வந்துடுச்சு."

"நான் இன்னிக்குப் படிக்கவே இல்லைக்கா."

"படிச்சியேம்மா" என்றாள் தபால்காரம்மா பாவமாக. "நல்லாத்தான் படிச்ச. போ, போய் உட்காரு. சரியாச் சாப்பிடறதில்ல, அதான்."

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு தகவல் மாதிரிதான், மருந்துச் சீட்டில் புரியாத எழுத்து ஒன்றைப் பார்க்கும்போது வருமே, அந்த அளவு. ஒருவேளை நல்லதுதானோ என்றுகூட நினைத்தாள். அவன் வருகிறானென்றால் வந்துவிட்டுப் போகட்டுமே. பெஞ்சின் அந்த ஓரத்தை வெறித்துப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

அன்று கடைசிக் காட்சியில்தான் மகளின் கையைக் கவனித்தாள்.

முந்தைய வாரங்களில் குழந்தை கையைத் தொங்கவிட்டபடி கதவுப் பக்கம் நடந்துபோய் நிற்பாள். அன்று வலது கை தோளுக்கு மேலே தூக்கியிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. மணிக்கட்டு தளர்ந்து, முழங்கையின் பாரம் முழுக்க வேறொன்றில் தொங்குவது போல இருந்தது. வெறும் காற்றில் அப்படிக் கையைத் தொங்கவிட முடியாது. அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

கதவருகே போனதும் வாத்தியார் கைதட்டி நிறுத்தினார். எப்போதும் அங்கேதான் நிறுத்துவார். கடைசி வசனத்தை ஒத்திகையில் சொல்லக்கூடாது, சொன்னால் நாடகம் விளங்காது என்பது அவருடைய நம்பிக்கை. கணக்கு வாத்தியாராக இருந்தும் அந்த ஒரு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. "வா, போகலாம்" என்ற அந்த இரண்டு சொல்லை, அப்பா மகளிடம் சொல்லும் கடைசி வசனத்தை, இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாடகத்தன்றுதான்.

வீட்டில் மகளுக்குச் சீருடை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள். "பாப்பா, கையை அப்படித் தூக்கிக்கச் சொல்லி வாத்தியார் சொன்னாரா?"

"இல்லையே. அப்பாதான் பிடிச்சுக்கறாரு."

"விளையாட்டுக்கா?"

"நெஜமா. கை சில்லுன்னு இருக்கும்மா." மகள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்ப கதவு வரைக்கும்தான் போகலாமாம். அந்தப் பக்கம் நாடகத்தன்னிக்குப் போலாம்னு சொல்லியிருக்காரு."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"தெரியல. போனாத்தானே தெரியும்?"

அப்போதுதான் ஊசியின் மரமரப்பு ஒரு நிமிஷம் விட்டது. சீருடையைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு குழந்தைதான். அவளை விடமாட்டேன் என்று நினைத்தாள். யாருக்கும் விடமாட்டேன். பெற்றவனுக்கும்.

நாடகத்தன்று சாயங்காலம் தங்கையை வீட்டுக்கு வரவழைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊரிடம் சொன்னாள். அரங்கேற்றத்துக்குப் போக முடியாமல் குழந்தை அழுது தீர்த்தது. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள், யார் தட்டினாலும் திறக்காதே என்று தங்கையிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் போகாமல் இருக்க முடியாது. போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. நாடகம் முடிந்துவிட்டால் அந்த இடமும் முடிந்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தாள்.

வாத்தியார் வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "காய்ச்சலா? அடடா. சரி, விடும்மா. குழந்தை உடம்புதான் முக்கியம்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாப்பா வரல. இடத்தை விடுங்க."

அவளுக்கு அது உறைக்கவில்லை. முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரை விலகியது. ஊரே வந்திருந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்ததால், துணி விலகின இடங்களிலெல்லாம் மஞ்சள் கோடுகள் ஆட்களின் தலைமேல் விழுந்தன. முதல் அங்கம் நன்றாகத்தான் போனது. பெஞ்சின் இடது ஓரத்துக்கு ஜனங்கள் சிரித்தார்கள். அவள் ஒரு வார்த்தை படிக்கவில்லை. படிக்க வேண்டியிருக்கவும் இல்லை. பழகிப்போயிருந்தது.

பிறகு குழந்தையின் முதல் வசனம் வந்தது. இதை நான்தானே படிக்க வேண்டும் என்று மூச்சை இழுத்தாள்.

மேடையில் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பெஞ்சுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில். ஒன்று, இரண்டு, மூன்று. சலூன்காரர் தூக்கத்தில் சிரிப்பை அடக்கினார். முன்வரிசையில் ஒரு அம்மாள், "ஐயோ, செல்லம்!" என்று சத்தமாகவே சொன்னாள்.

கூடம் முழுக்கக் கைதட்டல்.

கையிலிருந்த தாள்கள் வழுக்கித் தரையில் விழுந்தன. அவளுக்கு இப்போது உறைத்தது. கூட்டி வந்திருந்தால் அந்த இடத்தில் குழந்தை இருந்திருக்கும், ரத்தமும் சதையுமாக, அம்மாவின் கண்முன்னால். இப்போது இடம் காலி. அவளேதான் காலி செய்து கொடுத்திருந்தாள்.

இரண்டாம் அங்கம் முடிந்து திரை விழுந்ததும் கைப்பேசியில் தங்கையை அழைத்தாள்.

"தூங்கிட்டாக்கா" என்றாள் தங்கை. "அழுது அழுது அப்படியே தூங்கிட்டா. ஆனா தூக்கத்துல பேசிக்கிட்டே இருக்கா. கொஞ்சம் பேசறா, அப்புறம் யாரோ பேசறதைக் கேக்கற மாதிரி நிறுத்தறா, மறுபடி பேசறா. ஒரு தடவை சிரிச்சா."

"எழுப்பு."

"எழுப்பிப் பார்த்துட்டேன். எழுந்திரிக்க மாட்டேங்கறா. மூச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"ஆனா என்ன?"

"கையை மேல தூக்கியே வச்சிருக்காக்கா. இறக்கினா மறுபடி தூக்கிக்குது."

"உலுக்கு. தண்ணியை ஊத்து. எப்படியாவது எழுப்பு!" வீடு ஊரின் மறுகோடியில். ஓடினாலும் இருபது நிமிஷம். மூன்றாம் அங்கம் பன்னிரண்டு நிமிஷம். வாத்தியாரின் கணக்கு, ஒரு நிமிஷம் தப்பாது.

வாத்தியாரின் கையைப் பிடித்தாள். "சார், நிறுத்திடுங்க. கடைசிக் காட்சி வேண்டாம் சார். உங்க காலைப் பிடிக்கறேன்."

"என்னம்மா இது? ஊரே உட்கார்ந்திருக்கு. அருமையாப் போயிட்டிருக்கு."

"கூட்டிட்டுப் போயிடுவாரு சார்."

வாத்தியார் அவளை இரக்கத்தோடு பார்த்தார். தோளைத் தட்டிக்கொடுத்தார். மணியை அடித்தார்.

திரை விலகியது.

அவள் எண்ணினாள். பக்கம் தேவைப்படவில்லை. பெட்டி கிடைத்துவிட்டது. சலூன்காரர் விழித்துவிட்டார். தூரத்தில் வண்டிச் சத்தம், ஒலிபெருக்கியில். பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து மூட்டையைத் தூக்கினார்கள். பல் டாக்டர் பச்சைக் கொடியை எடுத்தார். அவர்கள் எல்லாரும் கதவுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். ஒரு ஆள், ஒரு குழந்தை. அவ்வளவு அகலம்.

அவள் மேடைக்குள் நடந்தாள்.

அந்த இடத்தில் தான் போய் நின்றுவிட்டால், அங்கே வேறு யாரும் நிற்க முடியாது. அவளுக்குத் தோன்றியது அது ஒன்றுதான். வெளிச்சம் கண்ணில் அடித்தது. கதவுக்கு முன்னால் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்துங்க!"

குரல் அவளுடையது மாதிரி இல்லை. பல் டாக்டர் பழைய ஆள், எத்தனையோ சமாளித்தவர். தொப்பியைத் தூக்கி ஒரு சலாம் வைத்தார்.

"பாருங்க, இந்த அம்மாவும் வண்டிக்குத்தான் வந்திருக்காங்க."

ஊரே சிரித்தது. கைதட்டியது. அவள் கத்தினாள், இது நாடகமில்லை, என் குழந்தை, என் குழந்தை என்று. இன்னும் சிரித்தார்கள்.

பல் டாக்டர் கொடியை ஆட்டினார். "வண்டி வந்தாச்சு. ஏற வேண்டியவங்க ஏறலாம்."

சிரிப்பு அடங்கியது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஒன்று.

தபால்காரம்மாவின் கண்கள் அவளைத் தாண்டி, அவள் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்தன.

இரண்டு.

இரண்டு சொல்லுக்கான நேரம்.

அவளுடைய விரித்த கையின் ஊடாகக் குளிர்ச்சியாக ஏதோ கடந்துபோனது. பிறகு அதன் பின்னால், அதைவிடத் தாழ்வாக, வெதுவெதுப்பாக. பாவாடை ஓரம் உரசினது போல. முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. மெல்ல. மூடியது.

திரை விழுந்தது. கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

"பிரமாதம்!" என்றார் வாத்தியார், கண்கலங்கி. "எல்லாரும் வரிசையா வாங்க, வந்து வணக்கம் சொல்லுங்க. திரையைத் தூக்குப்பா!"

அவளால் அசைய முடியவில்லை. வரிசை அவளைச் சுற்றிச் சேர்ந்தது. இடது கையைப் பல் டாக்டர் பிடித்துக்கொண்டார். வலது பக்கம் தபால்காரம்மா வந்தாள், ஆனால் ஒட்டி நிற்கவில்லை. இரண்டு இடம் தள்ளி நின்றாள். பழக்கம். பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலியின் மேல் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. தங்கையின் எண். நின்றது. மறுபடி அதிர்ந்தது.

திரை எழும்பியது. வெளிச்சம். எதிரே ஊர் முழுக்க நின்றுகொண்டு, சிரித்த முகமாக, வரிசையின் ஒவ்வொரு ஆளையும் பார்த்துக் கைதட்டியது. அவளுக்கு வலப்பக்கம் வந்தபோது அத்தனை கண்களும் கீழே தாழ்ந்தன, பிறகு மேலே போயின.

தொங்கிக்கிடந்த அவளுடைய வலது கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்துகொண்டது.

எட்டு வருஷம் பிடித்த கை. நகம் கடிக்கிற கை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அது சில்லென்று இருந்தது.

எல்லாரும் ஒன்றாகக் குனிந்தார்கள். அவள் நிமிர்ந்தே நின்றாள். அந்தக் கை அவளை மெல்லக் கீழே இழுத்தது, அவளும் குனிந்தாள்.